மால்ட் ஊறவைக்கும் பைக்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம்?

மெல்போர்னில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டது இது: "டின்னில் வரும் மால்ட் சாறை வைத்து வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். நிறத்துக்கும் ருசிக்கும் அரைக்கிலோ கிரிஸ்டல் மால்ட் ஊறவைத்துச் சேர்க்கச் சொல்கிறார்கள். அதற்கு விற்கும் மஸ்லின் பை ஒரு தடவைக்கு மேல் தாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மலிவாக வேறு என்ன கிடைக்கும்? காலுறை, திரைச்சீலை, பெயின்ட் வடிகட்டும் பை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்."

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. நேராகப் பதிலுக்கு வருகிறேன். அரைக்கிலோ வரைக்கும் பையே தேவையில்லை, சமையலறை வடிகட்டி போதும். அதற்கு மேல் போகிறவர்கள் திரைச்சீலைக்கு விற்கும் 'வாயில்' (voile) என்ற மெல்லிய வெள்ளை பாலியஸ்டர் துணியில் ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டால் பல வருஷம் வரும். மற்றவை எல்லாம் அவசரத்துக்கு ஆகும், ஆகாது என்ற கணக்குத்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் வீட்டில் இருப்பதைப் பார்த்து நீங்களே முடிவு செய்யமுடியும்.

கிரிஸ்டல் மால்ட் செய்யும்போது, முளைவிட்ட பார்லியை ஈரத்தோடு சூடாக்கி, உள்ளே இருக்கும் மாவுச்சத்தை அந்த மணிக்குள்ளேயே சர்க்கரையாக மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் வறுக்கும்போது அந்தச் சர்க்கரை இறுகிவிடும். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நொறுக்கென்று உடைந்து, வாயில் கமர்கட் மாதிரி கரையும். சாக்லேட் மால்ட்டும் வறுத்த பார்லியும் காப்பிக்கொட்டை மாதிரி கருக வறுத்தவை. இவை எல்லாவற்றிலும் நமக்கு வேண்டிய இனிப்பும் நிறமும் தயாராக இருக்கின்றன. வெந்நீர் பட்டால் கரைந்து வெளியே வந்துவிடும். பைக்கு அங்கே இருக்கும் ஒரே வேலை, உமியும் நொய்யும் கொதிக்கும் பாத்திரத்துக்குள் போகாமல் தடுப்பதுதான். ருசிக்கும் பைக்கும் சம்பந்தமில்லை. தடுக்கிற வேலையை எது செய்தாலும் சரி.

பை இல்லாமல் நான் செய்வது இப்படி. அரைக்கிலோ மால்ட்டுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். 73 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, உடைத்த மால்ட்டை அப்படியே கொட்டிக் கிளறுவேன். மால்ட் குளிர்ந்திருப்பதால் சூடு மூன்று டிகிரி இறங்கி 70-க்கு வந்து நிற்கும். மூடி போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றி, அரைமணி நேரம் விட்டுவிடுவேன். திறந்து பார்த்தால் தண்ணீர் கெட்டியான டிக்காஷன் நிறத்தில் இருக்கும், உமி பாதி மிதக்கும், பாதி அடியில் தங்கும். அதை ஒரு பெரிய சமையலறை வடிகட்டியில் மெதுவாக ஊற்றவேண்டும். முதலில் கொஞ்சம் கலங்கலாக வரும். உமி வடிகட்டியில் ஒரு படுகையாகப் படிந்ததும் அந்தப் படுகையே வடிகட்டியாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும். முதலில் வந்த கலங்கலைத் திரும்ப அதன் மேலேயே ஊற்றினால் தெளிந்து இறங்கும். கடைசியில் 70 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டரை மேலே சுற்றி ஊற்றி அலசுங்கள். ஊறின மால்ட் தன் பங்குக்கு அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த முறையில் இன்னொரு லாபம் இருக்கிறது. பைக்குள் இறுக்கிக் கட்டின மால்ட்டில் நடுவில் இருப்பது சரியாக நனையாது. தளர்வாக மிதக்கும் மால்ட்டில் ஒவ்வொரு மணியையும் வெந்நீர் தொடும். டின் ஒன்றுக்கு 23 லிட்டர் போடும் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

சூட்டைப் பற்றியும் தண்ணீரின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 77 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். அரைக்கிலோ மால்ட்டைப் பத்து லிட்டர் வெறும் தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம். தண்ணீர் அதிகமானால் மால்ட்டின் புளிப்பு அதை இழுத்துப் பிடிக்கப் போதாது. அப்போது உமியில் இருக்கும் துவர்ப்பு இறங்கிவிடும், நெடுநேரம் கொதித்த டீயில் வருமே, அதே துவர்ப்பு. மெல்போர்ன் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதனால் உங்களுக்குக் கவலை குறைவு. அடிலெய்டு பக்கம் கொஞ்சம் கடினமான தண்ணீர், அங்கே இந்த அளவைக் கண்டிப்பாகப் பிடிக்கவேண்டும்.

சரி, பை வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். மால்ட் அரைக்கிலோவைத் தாண்டினால் வடிகட்டியில் ஊற்றுவது கைக்குச் சிரமம், அப்போது தூக்கி வடிய விடுகிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் வசதி. துணியைத் தேர்ந்தெடுக்க ஆய்வகம் தேவையில்லை. துணியை ஒரு கிண்ணத்தின் மேல் விரித்து, ஒரு ஸ்பூன் மைதாவும் ஒரு ஸ்பூன் ரவையும் போட்டுத் தட்டிப் பாருங்கள். மைதா விழவேண்டும், ரவை நிற்கவேண்டும். ரவையும் விழுந்தால் கண் பெரிது, நொய்யெல்லாம் பாத்திரத்துக்குப் போகும். மைதாவே விழவில்லை என்றால் கண் மிகச் சிறிது, துணி அடைத்துக்கொள்ளும், தூக்கினால் தண்ணீர் வடியாமல் பலூன் மாதிரி தொங்கும். அடுத்து, அந்தத் துணியை ஒரு சின்னப் பாத்திரத்தில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, தண்ணீரை ஆறவைத்து முகர்ந்து பாருங்கள், ஒரு வாய் குடித்தும் பாருங்கள். நிறமோ வாசனையோ கஞ்சியோ இறங்கியிருந்தால் அது பீரிலும் இறங்கும்.

நம் வீடுகளில் முதலில் கண்ணில் படுவது இட்லித் துணி. நல்ல துணிதான், ரவைச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் இட்லிக்குப் பயன்படுத்திய துணியையே எடுக்காதீர்கள். புளித்த மாவு வாசனை என்ன துவைத்தாலும் கொஞ்சம் நிற்கும். அதைவிட முக்கியம் எண்ணெய். ஒட்டாமல் இருக்கச் சில வீடுகளில் துணியில் நல்லெண்ணெய் தடவுவார்கள். கொழுப்பு பட்டால் பீரின் நுரை நிற்காது. புதுத்துணியாக ஒரு சதுரம் வாங்கி, பீருக்கென்று தனியாக வையுங்கள். புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும். அந்தக் கஞ்சியும் மாவுச்சத்துதான், அது பீருக்குள் போனால் பீர் கலங்கலாக நிற்கும். இரண்டு தடவை கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போய்விடும்.

பழைய வேட்டியையும் பலர் சொல்வார்கள். நைந்த பழைய வேட்டி வடிகட்ட அருமையான துணி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசியாக எதில் அலசியது என்று பார்க்கவேண்டும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அலமாரியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து ஒரு சதுரம் கிழித்து, முக்கால் கிலோ கிரிஸ்டல் மால்ட்டைக் கட்டி வெந்நீரில் இறக்கினேன். இறக்கிய மறு நிமிஷமே சமையலறை முழுக்கப் பூ வாசனை. துணியை மென்மையாக்க ஊற்றும் திரவத்தில் அலசிய வேட்டி அது. கொதிக்கும்போது போய்விடும் என்று நினைத்துத் தொடர்ந்தேன். போகவில்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்த பாட்டிலிலும் அந்த வாசனை இருந்தது, நுரையும் ஊற்றிய கையோடு அடங்கியது. 23 லிட்டரையும் கொட்டவேண்டியதாயிற்று. அதிலிருந்து, பீருக்குத் தொடும் எந்தத் துணியும் வாஷிங் மெஷின் பக்கம் போவதில்லை.

பருத்திக்கு இன்னொரு குணம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். சர்க்கரைத் தண்ணீர் நனைந்த பருத்தியை ஒரு ராத்திரி ஈரமாக மூலையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அன்றன்றைக்கே அலசி வெயிலில் காயப்போட முடிந்தவருக்குத்தான் அது.

காலுறை யோசனை, அதாவது பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறை, பழைய புத்தகங்களிலிருந்தே வருகிறது. புதிதாக, சாயமில்லாத வெள்ளையாகக் கிடைத்தால் கால்கிலோ மால்ட்டுக்குப் போதும். தோல் நிறத்தில் வருவதும் கறுப்பும் வேண்டாம், கொதிநீரில் சாயம் கசியும். அதில் பெரிய குறை, எவ்வளவு போட்டாலும் அது இழுபட்டு நீண்ட உருளையாகி மால்ட்டை நெருக்கிப் பிடிப்பதுதான். ஊறி உப்பும் மால்ட்டுக்கு இடம் இருக்காது. எந்தப் பையானாலும் பாதிக்கு மேல் காலியாக இருக்கவேண்டும். அரைக்கிலோ உடைத்த மால்ட் காய்ந்த நிலையிலேயே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் இடம் பிடிக்கும், அதற்கு இரண்டரை மூன்று லிட்டர் பையாவது வேண்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கட்டிப் போட வேண்டுமானால் காலுறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பாதாம் பால் பிழியும் நைலான் பை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. உணவுக்கென்றே செய்தது, தையல் உறுதியானது, தேங்காய்ப்பாலுக்கும் ஆகும். அரைக்கிலோவுக்கு நல்ல பை. கண் கொஞ்சம் சிறிது என்பதால் மெதுவாக வடியும், அவசரப்படாமல் தொங்கவிடுங்கள். எந்தத் துணி, உணவுக்கு ஆகுமா என்று மனது உறுத்துகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெயின்ட் வடிகட்டும் பை அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் பிரியமான பொருள். அங்கே ஹார்ட்வேர் கடைகளில் ஒரு கேலன், ஐந்து கேலன் அளவுகளில், வாய்ப்பக்கம் எலாஸ்டிக் வைத்து, ஜோடியாக மலிவு விலையில் கிடைக்கும். ஐந்து கேலன் பை பெரிய பாத்திரத்தின் விளிம்பில் அப்படியே மாட்டிக்கொள்ளும். பல முறை தாங்கும். ஆனால் அது உணவுக்காகச் செய்ததல்ல என்பதை மறக்கவேண்டாம். சாயமில்லாத வெள்ளை நைலான் என்று பார்த்து வாங்கி, கொதிக்கவைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்தவேண்டும். எலாஸ்டிக் கொஞ்ச நாளில் சூட்டுக்குத் தளர்ந்துவிடும், ஒரு நாடாவைக் கோத்துக்கொள்ளலாம்.

துணி துவைக்கும் வலைப்பை பெரும்பாலும் ரவைச் சோதனையில் தோற்றுவிடும், கண் பெரிது. வெங்காயம் வரும் வலை, தலையணை உறை, காப்பி வடிகட்டும் காகிதம், நெய்யாத துணியில் செய்த கடைப்பை, இவற்றை விட்டுவிடுங்கள். வெங்காய வலையில் சாயம் இருக்கிறது, கண்ணும் பெரிது. தலையணை உறை அடைத்துக்கொள்ளும். காகிதம் கிழியும். கடைப்பை கொதிநீருக்கானதே அல்ல.

இப்போது வாயில் துணிக்கு வருகிறேன், எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் இதுதான். வாயில் சேலை என்று அம்மாக்கள் சொல்வார்களே, அதே பெயர்தான். அந்த வாயில் பருத்தி, திரைச்சீலைக்கு வருவது பாலியஸ்டர். மொத்த மால்ட்டையும் ஒரே பைக்குள் போட்டு ஒரே பாத்திரத்தில் வேலையை முடிக்கும் முறை 2000-களின் நடுவில் ஆஸ்திரேலிய வீடுகளில் பரவியபோது, இங்கே எல்லாரும் ஸ்பாட்லைட் துணிக்கடைக்குப் போய் 'சுவிஸ் வாயில்' என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். மாவு போகும், ரவை நிற்கும், தூக்கினால் அருவி மாதிரி வடியும், வாசனை பிடிக்காது, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வெள்ளை, நூறு சதவீதம் பாலியஸ்டர், பூவேலை இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். கடையில் துண்டுத்துணிக் கூடையில் தேடினால் இன்னும் மலிவு.

தையல் தெரியாதே என்று தயங்கவேண்டாம், தைக்கவே வேண்டாம். பாத்திரத்தின் குறுக்களவு, அதோடு உயரத்தின் இரண்டு மடங்கு, அதோடு விளிம்புக்குப் பதினைந்து சென்டிமீட்டர். 25 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பாத்திரத்துக்கு 80 சென்டிமீட்டர் சதுரம் வெட்டினால் போதும். அதைப் பாத்திரத்துக்குள் பரப்பி, ஓரங்களை வெளியே மடக்கித் துணி கிளிப்பால் பிடித்து, உள்ளே வெந்நீரும் மால்ட்டும் போடுங்கள். நேரம் முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தால் மூட்டை தயார். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும், அதை மட்டும் ஒரு மெழுகுவத்தித் தீயில் லேசாகக் காட்டி ஒட்டவைத்துவிடுங்கள். தைக்கிறவர்கள் பாலியஸ்டர் நூலாலேயே இரட்டை மடிப்பாகத் தைக்கவேண்டும். பருத்தி நூல் சூட்டிலும் ஈரத்திலும் முதலில் இற்றுப்போகும்.

நைலானும் பாலியஸ்டரும் உருகுவது 200 டிகிரிக்கு மேல்தான், அதனால் கொதிநீர் ஒன்றும் செய்யாது. ஆபத்து பாத்திரத்தின் அடியில் இருக்கிறது. கீழே அடுப்பு எரியும்போது துணி அடியில் படிந்தால் அந்த இடம் கருகி ஓட்டை விழும். மால்ட்டைப் போடும் முன் அடுப்பை அணைப்பதுதான் நல்லது. இடையில் சூடேற்றியே ஆகவேண்டும் என்றால் ஓர் இட்லித் தட்டைக் குப்புற அடியில் போட்டு அதன் மேல் துணி இருக்கட்டும். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காரும்.

வடிந்த மூட்டையைப் பிழியலாமா என்று அடுத்த கேள்வி வரும். பிழிந்தால் துவர்க்கும் என்று பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். துவர்ப்பு வருவது அதிகச் சூட்டாலும் புளிப்புக் குறைந்த தண்ணீராலும்தான். கையால் பிழிவதால் உமியிலிருந்து புதிதாக எதுவும் இறங்கிவிடாது. கொஞ்சம் மாவுக் கலங்கல் வரும், அவ்வளவுதான். மூட்டையை வடிகட்டியில் வைத்து, மேலே ஒரு தட்டால் அழுத்துங்கள். வெறுங்கையால் பிழிந்தால் உள்ளே இருக்கும் 70 டிகிரி தண்ணீர் கையைச் சுட்டுவிடும்.

எந்தத் துணியானாலும் மால்ட்டை உடைக்கிற விதம் சரியில்லை என்றால் பயனில்லை. மிக்ஸியில் போட்டு அரைத்தால் பாதி மாவாகிவிடும், அந்த மாவை எந்தத் துணியும் தடுக்காது, அடைத்துத்தான் கொள்ளும். வாங்கும் கடையிலேயே உடைத்துத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். வீட்டில் செய்வதானால் கனமான ஜிப் பைக்குள் கால்கிலோ கால்கிலோவாகப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டுங்கள். மணி இரண்டு மூன்றாக உடைந்திருக்க வேண்டும், உமி முழுசாக இருக்கவேண்டும். கையில் அள்ளினால் நொய்யரிசி மாதிரி தெரியவேண்டும்.

இவ்வளவும் கிரிஸ்டல் மால்ட், சாக்லேட் மால்ட், வறுத்த பார்லி போன்றவற்றுக்கு. பேல் மால்ட், மியூனிக் மால்ட், ஓட்ஸ் இவற்றில் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. அவற்றை வெறுமனே ஊறவைத்தால் கலங்கல்தான் வரும். 62 முதல் 69 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைத்து மால்ட்டில் இருக்கும் நொதிகள் அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றவேண்டும். ஓட்ஸில் அந்த நொதிகள் கிடையாது, கூடப் பேல் மால்ட்டும் இருந்தாக வேண்டும். அதற்கு வாயில் துணி, பெரிய பை, இரண்டும் கட்டாயம்.

சுத்தம் பற்றிப் பயப்படவேண்டாம். ஊறவைப்பது கொதிக்கவைப்பதற்கு முன்னால் நடப்பதால், பை சுத்தமாக இருந்தால் போதும், கிருமி நீக்கவேண்டியதில்லை. அடுத்து ஒரு மணி நேரம் கொதிக்கப்போகிறது. அதே பையை ஆறின பீரில் ஹாப்ஸ் கட்டி இறக்கப் பயன்படுத்தினால் மட்டும் பதினைந்து நிமிஷம் கொதிக்கவைத்து எடுக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. வடித்தெடுத்துச் சாராயமாக்குவது இங்கேயும் உரிமமில்லாமல் குற்றம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது, அங்கே உரிமமில்லாமல் வீட்டில் பீர் காய்ச்சவே முடியாது. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயற்சி செய்யவேண்டாம்.

வேலை முடிந்ததும் பையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, ஒட்டியிருக்கும் உமியைத் தொட்டிச் செடிக்கு உதறிவிட்டு, வெறும் வெந்நீரில் அலசுங்கள். பழுப்பு ஏறினால் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஒரு ராத்திரி போட்டால் வெளுத்துவிடும். சோப்பு வேண்டாம். என் வாயில் துணி ஆறு வருஷமாக ஓடுகிறது, அடியில் ஒரு இடத்தில் நூல் விலகியிருக்கிறது. அங்கே ரவை விழ ஆரம்பிக்கிற அன்றைக்கு அடுத்த மீட்டர் வாங்குவேன்.